இரண்டாம் கேமராவின் நான்கு நொடிகள்

பெர்மெத் அக்கா முதல் தடவை எங்கள் அறைக்கு வந்தபோது நான் ஒரு மணப்பெண்ணின் அழுகையைக் குறைத்துக்கொண்டிருந்தேன். தாய்வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஆறு நிமிடம் அழுதிருந்தாள். ஒரு நிமிடம் போதும் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பியிருந்தார்கள்.

நவம்பர் நடு. நரின் ஆற்றில் கரையோரம் பனிக்கட்டி பிடிக்க ஆரம்பித்திருந்தது. எங்கள் அறை மருந்துக்கடைக்கு மேலே. குறுகலான படி. ஏறி வந்தவர் கதவருகே நின்று மூச்சு வாங்கினார். ஏழு மாத வயிறு. கோட்டின் கீழ்ப் பொத்தான்கள் இரண்டும் மாட்ட முடியாமல் திறந்திருந்தன.

"மருந்துக்கடை கீழ இருக்குக்கா," என்றான் என் கூட்டாளி குபாத். "இது கல்யாண வீடியோ எடுக்கற இடம். உங்களுக்கு இப்ப நாங்க கொஞ்சம் லேட்டு."

அவர் சிரிக்கவில்லை. "தெரியும். என் தம்பி எர்மெக் கல்யாணத்த நீங்கதான் எடுத்தீங்க. கிதிராலியோட மகன். போன வருஷம் செப்டம்பர்ல."

"படத்துல ஏதாச்சும் கொறையா?"

"படம் நல்லாத்தான் இருக்கு. படத்துல வராதது ஒண்ணு வேணும்."

குபாத் நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் பால் விட்ட தேநீரைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. வெகுநேரம் பேசவும் இல்லை. எனக்கு மௌனம் பழக்கம். குபாத்துக்குத்தான் அது ஆகாது. கேமரா ஸ்டாண்டின் காலை முடுக்குவதும் தளர்த்துவதுமாக இருந்தான்.

"அப்பா பாத்துக் கட்டி வச்ச வீட்ட விட்டு நான் வந்துட்டேன்," என்றார் கடைசியில். "அது ஊருக்கே தெரியும். அவன் அடிச்சான், வந்தேன். அப்புறம் தலாந்தக் கட்டிக்கிட்டேன். அப்பாவக் கேக்கல. மூணு வருஷம் என் பேரக்கூட அவர் சொல்லல. தம்பி கல்யாணத்துக்கு என்னை யாரும் கூப்பிடல, நானாத்தான் போனேன். மண்டபத்து வாசல்ல அப்பா நின்னாரு. சலாம் சொன்னேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. சரின்னு உள்ள நடந்துட்டேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

"வேற யாருக்கு என்ன தெரியும்?" என்றேன்.

"அத்தைக்கு. அப்பா கூடப் பொறந்தவ. நான் திரும்பி நடந்தப்ப, என் முதுகுக்குப் பின்னால அப்பா கையத் தூக்கினாராம். அத்தை பாத்தாளாம்."

கிண்ணத்தைக் கீழே வைத்தார். கைகள் இரண்டையும் முகத்துக்கு நேராக உயர்த்தினார், ஆசி கேட்கும்போது உயர்த்துவதுபோல, உள்ளங்கை முகத்தைப் பார்க்க. பிறகு மெல்லத் திருப்பினார். புறங்கை அவர் பக்கம், உள்ளங்கை எங்கள் பக்கம். உடனே இரண்டையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எங்கள் ஊரில் அதைப் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. உள்ளங்கையைப் பார்த்துச் சொன்னால் ஆசி. முடிந்ததும் அந்தக் கையாலேயே முகத்தைத் தடவிக்கொள்வோம். கையைத் திருப்பிச் சொன்னால் அது சொன்னவர் செத்த பிறகும் நிற்கும் என்பார்கள். பெற்ற தகப்பன் சொன்னால் பிள்ளையைத் தாண்டிப் பேரன் வரைக்கும் போகும் என்பார்கள். குபாத் ஸ்டாண்டைக் கீழே வைத்துவிட்டான்.

"அஞ்சு வாரத்துல அப்பா போயிட்டாரு. ஜனவரில எனக்கு நாலு மாசக் கரு கலைஞ்சுது. அன்னைக்குத்தான் அத்தை வாயத் தொறந்தா. இப்ப எல்லாருக்கும் தெரியும். கடையில நான் நின்னா பிள்ளைங்கள இழுத்துப் பின்னால வச்சுக்கறாங்க." வயிற்றின் மேல் கோட்டைச் சரிசெய்தார். "இது பொறக்கறதுக்குள்ள எனக்குத் தெரியணும். அத்தை பொய் சொன்னாளா, நெசத்தச் சொன்னாளா. எதுவா இருந்தாலும் சரி. தெரியாம இத என்னால பெத்துக்க முடியாது."

"அக்கா," என்றான் குபாத். "படம் குடுத்து நாப்பது நாள்தான் அசல வச்சிருப்போம். அதுக்கப்புறம் அழிச்சிருவோம். செத்தவங்களுக்கே நாப்பது நாள்தான் கணக்கு..."

வாடிக்கையாளர்களிடம் அவன் எப்போதும் சொல்லும் வேடிக்கை அது. பாதியில் நிறுத்தி ஜன்னலைப் பார்த்தான்.

"சின்ன நகல் இருக்கும்," என்றேன் நான்.

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். இப்போது அப்படித் தோன்றுகிறது.

போன வருடம் ஆகஸ்ட் வரைக்கும் எங்கள் கம்ப்யூட்டரில் ஒரு கல்யாணத்தை முடிக்கப் பத்து நாள் பிடித்தது. இரண்டு கேமரா, ஒரு ட்ரோன், எல்லாம் பெரிய அளவுப் படம். ஒரு இடத்தில் வெட்டினால் அடுத்த காட்சி அசைய அரை நிமிடம். இலையுதிர் காலத்தில் வாரத்துக்கு நாலு கல்யாணம் வரும் ஊரில் அது கட்டுப்படியாகாது. குபாத் பின்னால் நின்றுகொண்டு, "பேராசிரியரே, அந்தப் பொண்ணுக்குக் கொழந்த பொறந்து பள்ளிக்கூடம் போறதுக்குள்ள படத்தக் குடுத்துருவமா?" என்பான். நான் புத்தகம் படிப்பதால் அவனுக்கு நான் பேராசிரியர்.

தலைநகர் பிஷ்கெக் போய் ஒரே மாதிரி ஐந்து வெளி டிஸ்க் வாங்கி வந்தான். நான் வேலை முறையை மாற்றினேன். கேமரா கார்டில் வரும் அசல் எல்லாம் வெளி டிஸ்கில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சின்னதாக, மங்கலாக ஒரு நகல் செய்து கம்ப்யூட்டருக்குள் வைப்பேன். வெட்டுவதும் ஒட்டுவதும் நகலில். எல்லாம் முடிந்ததும் டிஸ்கைச் சொருகினால், சாஃப்ட்வேர் நகல் இருந்த இடத்தில் எல்லாம் அசலை வைத்துப் படத்தை ஆக்கித் தந்துவிடும். பத்து நாள் வேலை மூன்று நாளானது. எல்லாவற்றையும் இரண்டு டிஸ்கில் வைக்க வேண்டும் என்று தெரியும். இடமும் இல்லை, பொறுமையும் இல்லை.

வேகம் வந்தது. ஆனால் நகலில் வேலை செய்யத் தொடங்கிய பிறகு நான் மனிதர்களின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். முகம் நகலில் தெரியாது. வெள்ளையாக இருந்தால் மணப்பெண், உயரமாகத் தொப்பி தெரிந்தால் பெரியவர், கூட்டமாக அசைந்தால் நடனம். அந்த அளவுக்குத் தெரிந்தால் வெட்டுவதற்குப் போதும். போன வருடம் நான் முடித்த நாற்பத்து மூன்று கல்யாணங்களில் ஒருவரைக்கூடத் தெருவில் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியாது.

நகல்கள் இடத்தை அடைக்காது என்பதால் அவற்றை அழித்ததில்லை. எர்மெக் கல்யாணத்தின் இரண்டாம் கேமராவைத் திறந்தேன். அதை இசைக்காரர்களின் மேடையில், மண்டபம் முழுக்கத் தெரியும்படி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு விட்டுவிடுவோம். யாரும் அதைப் பார்க்கமாட்டார்கள், நாங்களும்தான். பெரும்பாலும் கூட்டத்தின் தலைகளும் புகையும்தான் அதில் இருக்கும்.

ஒரு மணி பன்னிரண்டு நிமிடத்தில் கிடைத்தது. வலது மேல் மூலையில் வாசல். இரண்டு உருவம், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தளவு. சின்ன உருவம் திரும்பிக் கேமராவை நோக்கி நடக்கிறது. பின்னால் இருந்த பெரிய உருவம், இடப்பக்கம் சற்றே சாய்ந்து நின்றபடி, கைகளைத் தூக்குகிறது. நாலு நொடி. அதற்குள் பூக்கொத்து வைத்திருந்த பெண்கள் கூட்டம் ஒன்று குறுக்கே போகிறது. அவர்கள் நகர்ந்தபோது வாசலில் யாரும் இல்லை. பாட்டுச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை.

"தூக்கினாருதான்," என்றார் பெர்மெத் அக்கா. அதுவரை அதையேகூட அவர் நம்பாமல் இருந்திருக்கிறார்.

படத்தைப் பெரிதாக்கினேன். பெரிதாக்க ஆக்கப் பெரியவர் கட்டம் கட்டமாக உடைந்தார். கை இருந்த இடத்தில் ஏழெட்டுக் கட்டம், கோதுமை நிறத்தில். உள்ளங்கையும் அந்த நிறம்தான், புறங்கையும் அந்த நிறம்தான்.

"இன்னொரு தரம்."

போட்டேன். ஒன்பது தரம் போட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் தலையை வேறு பக்கம் சாய்த்துப் பார்த்தார், அப்படிப் பார்த்தால் அப்பாவின் கைக்குப் பின்னால் இருப்பது தெரிந்துவிடும்போல. பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கீழே மருந்துக்கடைக் கதவு திறந்து மூடும் சத்தம் இரண்டு மூன்று முறை கேட்டது.

"அசல்ல தெரியுமா, தம்பி?"

"தெரியும். அதுல இதப் போல முப்பத்தாறு மடங்கு இருக்கும். நகத்துல அழுக்கு இருந்தாக்கூடத் தெரியும்."

எந்த டிஸ்கில் எது என்று எழுதி வைக்கும் நோட்டை எடுத்தேன். எர்மெக் கல்யாணம் நாலாவது டிஸ்க். குபாத்தைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்காமல் அலமாரிக்குப் போனான். கீழ்த்தட்டில் வயர்களுக்கு அடியில் இருந்து அதை எடுத்து வந்தான்.

நாலாவது டிஸ்கை நாங்கள் அழித்திருக்கவில்லை. எர்மெக் கல்யாணப் படத்தைக் கொடுத்து மூன்று வாரத்தில், போன டிசம்பரில், அது கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று சத்தம் போட ஆரம்பித்தது. பிறகு திறக்கவில்லை. உள்ளே இன்னும் முடிக்காத வேறு ஒரு கல்யாணம் இருந்தது. குளிரவைத்தால் ஒரு தடவையாவது ஓடும் என்று குபாத்துக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். "ஃப்ரீசர் எதுக்கு? வெளியவே மைனஸ் இருபத்தெட்டு," என்று ராத்திரி முழுக்க ஜன்னலுக்கு வெளியே விளிம்பில் வைத்திருந்தான். காலையில் எடுத்து வந்து, மேலே படிந்த உறைபனியைச் சட்டைக் கையால் துடைத்து, நன்றாகச் சூடாக இருந்த அறையில் அப்படியே சொருகினான். உள்ளே ஏதோ உரசியது. அதற்குப் பிறகு அது டிக் என்றுகூடச் சொல்லவில்லை.

முடிக்காத கல்யாணத்தை நான் நகல்களை வைத்தே முடித்துக் கொடுத்தேன். படம் முழுக்க மங்கல். அந்த வீட்டார் பார்த்துவிட்டு, கனவு மாதிரி இருக்கிறது, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு பேர் அதேமாதிரி வேண்டும் என்று வந்தார்கள். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

ஜன்னல் விளிம்பைப் பற்றி பெர்மெத் அக்காவிடம் நான் சொல்லவில்லை. "இது கெட்டுப்போயிருக்கு. ஆனா பிஷ்கெக்ல வலேரின்னு ஒருத்தர் இருக்காரு. தொறந்து உள்ள இருக்கறத எடுப்பாரு. சில சமயம் கெடைக்கும்," என்றேன்.

"சில சமயம்," என்று திருப்பிச் சொன்னார். டிஸ்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அதன் மேல் இரண்டு கையையும் வைத்தார். நான் அதை எடுத்துக்கொள்ளும் வரை அப்படியே வைத்திருந்தார்.

மறுநாள் காலை அவர் கணவர் தலாந்த் வந்தார். நரினுக்கும் பிஷ்கெக்குக்கும் மினிபஸ் ஓட்டுபவர். பெரிய ஆள், குளிரில் கன்னம் வெடித்திருந்தது. நான் டிஸ்கை ஒரு துண்டுக் கம்பளிக்குள் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தார்.

"ஆட்டுக்குட்டி மாதிரி கட்றீங்க."

"ஆடக்கூடாதுண்ணே. மடியில வச்சுக்கிட்டா நல்லது."

"தோலோன் கணவாயில என் குடலே ஆடும். அத நான் எங்க வச்சுக்கறது?" வாங்கிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். கதவு வரை போய் நின்றார். "சகின், உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேன். நீங்க படிக்கற ஆளுன்னு சொல்றாங்க. இதெல்லாம் நெசமா?"

"எது?"

"கையி."

என் அம்மா சாகும்போது என் தலைமேல் கை வைத்து ஆசி சொன்னாள். அதை நான் நம்புகிறேன். அதை நம்பினால் இதையும் நம்பத்தான் வேண்டும். "தெரியலண்ணே," என்றேன். 

"எனக்கும் தெரியல. அவ தூங்கறதில்ல. சோறு எறங்கறதில்ல. டாக்டரம்மா படுத்தே இருக்கணும்னு சொல்லிருக்கு, இவ இங்க படியேறி வர்றா. கை எந்தப் பக்கம் இருந்தா எனக்கென்ன, அவ சாப்பிட்டாப் போதும்." சட்டையின் மேல் தட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு பெர்மெத் அக்கா இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்தார். தகவல் வந்ததா என்று கேட்க மாட்டார். சந்தைக்கு வந்தேன், கால் வலித்தது என்பார். நாற்காலியில் உட்காருவார். நான் வேலை செய்வேன். திரையில் யாரோ ஆடுவார்கள், யாரோ கோப்பையைத் தூக்கி வாழ்த்திப் பேசுவார்கள். ஒலியைக் குறைத்து வைத்திருப்பேன். அரை மணி, முக்கால் மணி அப்படியே இருப்பார். எனக்குப் பிடித்த மாதிரியான மௌனம் அல்ல அது. அதற்குள் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். முதுகில் அது பட்டுக்கொண்டே இருக்கும். எந்த வெட்டும் எனக்குச் சரியாக விழாது.

ஒருநாள் மட்டும் பேசினார். "இவ்வளவு அழறத எல்லாம் வெட்டிப் போடறீங்களே, அதெல்லாம் எங்க போகுது?"

"எங்கயும் போகாதுக்கா. இருக்கற எடத்துலதான் இருக்கும். படத்துல வராது, அவ்வளவுதான்."

"அப்புறம் நாப்பது நாள்ல அதுவும் இல்ல."

"ஆமா."

எட்டாம் நாள் வலேரி கூப்பிட்டார். கறாரான மனிதர், வயசானவர்.

"சகின், என்ன பண்ணீங்க இத? ஈரத்தோட ஓட்டினீங்களா?"

சொன்னேன்.

"ஜன்னல் விளிம்புல," என்றார். "தொறந்து பாத்தேன். தட்டு ரெண்டுலயும் வட்ட வட்டமா உழுதிருக்கு. மேல இருக்கற பூச்சு பொடியா கொட்டிக் கெடக்கு. அந்தப் பொடிதான் உங்க கல்யாணம். கூட்டி அள்ளித் தர்றேன், வேணும்னா."

"கொஞ்சமாச்சும்..."

"ஒண்ணுமில்லப்பா. ஒரு நொடிகூட இல்ல."

தலாந்த் அடுத்த நடையில் டிஸ்கைத் திரும்பக் கொண்டுவந்தார். அவரிடம் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கை காட்டித் தடுத்தார். "எங்கிட்ட சொல்லாதீங்க. என் மூஞ்சிய அவ படிச்சிருவா. நாளன்னிக்கு அவளே வருவா. அவகிட்டயே சொல்லுங்க." போகும்போது, "நல்லதாச் சொல்லுங்க, தம்பி," என்றார்.

குபாத் கதவைச் சாத்தினான். "கேட்டியா? அந்தாளே சொல்லிட்டாரு."

"என்ன சொல்லிட்டாரு?"

"பெரியவர் மாப்பிள்ளை பொண்ணுக்கு ஆசி சொல்றது, நாம வச்சிருக்கற முடிச்ச படத்துல இருக்கில்ல? பக்கத்துல நின்னு நான் எடுத்தது, நாப்பது நொடி. அதே சட்ட, அதே தொப்பி, அதே நாள். தூக்கி வாசல்ல வையி. உனக்கு ஒரு நாள் வேலை."

"அது பொய்யி."

"நீ வெட்டற எது உண்மை? போன வாரம் குடிச்சு விழுந்த மாமனார நடனத்துல இருந்து அழிச்சியே, அது என்ன?" ஜன்னலருகே போய் நின்றான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னான். "அந்த டிஸ்க நான் வெளிய வச்சிருக்கக் கூடாது. எனக்குத் தெரியும். நீ என்னத் திட்டி ஒரு வார்த்தை சொல்லல, அதுவும் தெரியும். சகின், அந்தப் பொம்பள செத்துப் போயிரும்."

நான் சரி என்று சொல்லவில்லை. மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டேன், செய்ய ஆரம்பித்தேன்.

பெர்மெத் அக்காவுக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். பாதி உண்மை. அந்த நாற்காலியில் அவர் இனிமேல் வந்து உட்காரக்கூடாது என்பதும் எனக்கு வேண்டியிருந்தது. பெரியவர் உண்மையில் எந்தப் பக்கம் கையை வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. உள்ளங்கையாகவே இருந்திருக்கலாம். அப்படியானால் நான் செய்வது பொய்யே அல்ல, தொலைந்ததை மறுபடி எழுதுவது. இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே பெரியவரை அவர் நின்ற இடத்திலிருந்து கத்தரித்தேன். படத்தில் அவர் வலப்பக்கம் சாய்ந்து நின்றிருந்தார், வாசலில் இடப்பக்கம். அதனால் உருவத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பினேன். சின்னதாக்கினேன். நகலின் பின்னணியைப் பெரிதாக்கி, இரைச்சல் சேர்த்து, இரண்டு இடத்தில் கோடுகள் விழவைத்தேன், உடைந்த டிஸ்கில் மிச்சம் கிடைத்ததுபோல. பூக்கொத்துப் பெண்கள் குறுக்கே போகும் இடத்தை ஒவ்வொரு சட்டமாக, நூறு சட்டம், கையால் சரிசெய்தேன். இத்தனை கவனமாக நான் எந்தக் கல்யாணத்துக்கும் வேலை செய்ததில்லை. முடிந்தபோது நானே நம்பினேன். நாலு நொடி. பெரியவர் கைகளைத் தூக்குகிறார், கேமராவுக்குப் புறங்கை தெரிகிறது, உள்ளங்கை அவர் முகத்தைப் பார்க்கிறது.

வியாழக்கிழமை பெர்மெத் அக்கா வந்தார். உட்காரும் முன்பே குபாத் சொல்லிவிட்டான். "கெடைச்சிருச்சுக்கா. கொஞ்சந்தான். ஆனா அதுதான்."

அவர் உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார். "போடுங்க."

போட்டேன். நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். நகலில் வேலை செய்ய ஆரம்பித்த பிறகு முதல்முறையாக ஒருவருடைய முகத்தைப் பார்த்தேன் என்று தோன்றியது. நெற்றியில் இருந்த மடிப்பு ஒன்று மெல்ல விரிந்தது. வாய் திறந்தது. அவருடைய கைகள் தானாக உயர்ந்து, முகத்தைத் தடவிக்கொண்டு இறங்கின.

"அப்பா," என்றார்.

குபாத் தேநீர் ஊற்றப் போனான். அவன் தோள் இறங்கியதைப் பார்த்தேன்.

"இன்னொரு தரம்."

போட்டேன். அழுதார், சத்தமில்லாமல். கண்ணைத் துடைத்துக்கொண்டு மூன்றாவது தடவை கேட்டார். நாலாவது தடவை முன்னால் குனிந்தார். "நிறுத்துங்க. அங்க. கை மேல வந்த எடத்துல."

நிறுத்தினேன்.

நெடுநேரம் பார்த்தார். விரிந்த மடிப்பு மறுபடி விழுவதைப் பார்த்தேன். என்ன என்று எனக்கு அப்போதும் புரியவில்லை.

"அப்பாவுக்கு எடது கை மேல வராது, தம்பி."

குபாத் தேநீர்க் கிண்ணத்தோடு திரும்பினான்.

"குதிரையில இருந்து விழுந்து தோள் எறங்கிருச்சு. நான் ஆறாவது படிச்சேன் அப்ப. எடது கை நெஞ்சுக்கு மேல வராது. சட்ட நான்தான் போட்டு விடுவேன். ஆசி சொன்னாலும் வலது கை மட்டுந்தான் மூஞ்சி வரைக்கும் வரும்." திரையில் விரல் வைத்தார். பெரியவரின் இடது கை முகத்துக்கு நேரே இருந்தது. வலது கை நெஞ்சோடு நின்றது. "இதுல மாறி இருக்கு."

"கேமராவுல சில நேரம் கண்ணாடி மாதிரி..." என்று தொடங்கினான் குபாத்.

"தம்பி," என்றார் அவனிடம். அவன் நிறுத்தினான். "அந்தச் சின்னதுல சரியா இருந்துச்சு. ஒரு புள்ளி மேல, ஒரு புள்ளி கீழ. ஒம்பது தரம் பாத்தனே. அது எங்கப்பா. இது நீங்க பண்ணது."

நான் எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். "ஆமாக்கா. நான் பண்ணதுதான். டிஸ்க்ல ஒண்ணுமே கெடைக்கல. உள்ள எல்லாம் பொடியாப் போச்சு. நான் அசலப் பாக்கவே இல்ல."

"பாத்தீங்க."

"இல்லக்கா."

"பாத்ததாலதான் மாத்தினீங்க. கை நல்லபடியா இருந்திருந்தா அப்படியே காட்டிருப்பீங்க. கெடைக்கலன்னா கெடைக்கலன்னு சொல்லிருப்பீங்க. இவ்வளவு பாடுபட்டு எதுக்கு ஒருத்தர் இதச் செய்வாரு?"

கம்பளியைப் பிரித்து டிஸ்கை எடுத்தேன். வலேரி மூடியைத் திருகாமல் அனுப்பியிருந்தார். திறந்து தட்டைக் காட்டினேன், உழுதிருந்த வட்டங்களை, மூலையில் ஒதுங்கிக் கிடந்த சாம்பல் நிறப் பொடியை. அவர் குனிந்து பார்த்தார். பிறகு அலமாரியைப் பார்த்தார். அங்கே அதேபோல் கறுப்பாக நாலு டிஸ்க் வரிசையாக இருந்தன.

"இது எந்த டிஸ்க்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வலேரிகிட்ட பேசுங்க. இப்பவே கூப்பிடறேன்."

"அவர் உங்க ஆளு." கோபம் இல்லை அந்தக் குரலில். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. நல்ல மனசு ரெண்டு பேருக்கும். நல்ல மனசு இருக்கறவங்க எத மறைப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா? அத்தைய இத்தன நாளா பொய்க்காரின்னு திட்டினேன்."

குபாத் கையில் தேநீர்க் கிண்ணத்தோடு அப்படியே நின்றான். "அக்கா, சத்தியமா. எங்கம்மா மேல சத்தியமா. ஜன்னலுக்கு வெளிய வச்சுக் கெடுத்தது நான். இவன் ஒண்ணும் பாக்கல."

"வையுங்க கிண்ணத்தக் கீழ."

அவர் கையுறையை மாட்டினார். ஒவ்வொரு விரலாக, நிதானமாக. நான் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன். நான் செய்ததைச் சட்டம் சட்டமாகத் திறந்து காட்டுகிறேன் என்றேன். எப்படித் திருப்பினேன், எங்கே கத்தரித்தேன் என்று காட்ட ஆரம்பித்தேன். காட்டக் காட்ட அது இன்னும் மோசமானது. எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறேன் என்பது மட்டும்தான் அதில் தெரிந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார், பிள்ளை பாடம் ஒப்பிப்பதைக் கேட்பதுபோல.

"அழிச்சிருங்க," என்றார்.

"அழிச்சிர்றேன்கா. செஞ்சதே தப்பு."

"ரெண்டையும். அந்தச் சின்னதையும்."

"அது உண்மையானதுக்கா. உங்கப்பா வாசல்ல கையத் தூக்கினது இருக்கறது அதுல மட்டுந்தான். என்னைக்காச்சும் வேற யாராச்சும், நல்ல சாஃப்ட்வேர் வந்து..."

"வந்து?" என்றார். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டார். "இது வளந்து பெரிசாகி ஒருநாள் உங்ககிட்ட வந்து கேக்கும். நான் கேட்ட மாதிரி. இது பாக்க வேண்டாம். அழிச்சிருங்க."

நான் செய்த நாலு நொடியை அழித்தேன். பிறகு இரண்டாம் கேமராவின் நகலைத் தேர்ந்தெடுத்தேன். நிச்சயமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. நான் அவரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுத்தினேன். சின்னக் கோப்பு, உடனே போய்விட்டது. அதற்கு ஏதாவது நேரம் ஆகும் என்று அவர் நினைத்திருந்தார் போலிருக்கிறது. இன்னும் காத்திருந்தார்.

"போயிருச்சுக்கா."

"வேற எங்கயாச்சும் வச்சிருக்கீங்களா?"

"இல்ல," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அவர் தலையைச் சற்றே சாய்த்து என் முகத்தைப் பார்த்தார். நான் நகராமல் உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, மாட்ட முடிந்த பொத்தான்களை மாட்டிக்கொண்டு, "சரி தம்பி," என்றார். நம்பியவர் சொல்வது போல இல்லை.